தெற்கு இல்லாத பாட்டு

"மூடுபனிப் பாட்டு இருக்கே, அதையே சொல்லிக் குடுத்துட வேண்டியதுதானே?" என்றார் தாண்டி.

"அது நம்ம மொழிப் பாட்டு. நான் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர வேண்டியது இந்தோனேசியம்."

"வார்த்தையை மட்டும் மாத்திடு. எருமை மேய்க்கிற பிள்ளைங்க எல்லார் வாயிலயும் ராகம் ஏற்கெனவே இருக்கு. திசைக்கு ஒரு அடியா நாலு அடி. பாடப் பாட மொழி தானா உள்ள போயிடும்."

"எனக்குப் பாட வராது."

"தெரியும். நம்ம கல்யாணத்துல நீ பாடினப்ப போதகர் வேதப் புத்தகத்துல பக்கம் தெரியாம தவிச்சாரே, மறப்பேனா?"

"கிண்டலை விட்டுட்டுக் காப்பியைக் குடிங்க, ஆறுது."

அவர் என் சிவப்புப் பேனாவை எடுத்து, வருகைப் பதிவேட்டின் பின் அட்டையில் இந்தோனேசியத்தில் எழுதினார். கிழக்கே பனி கண் விழிக்கிறது. மேற்கே ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடிக்கிறது. வடக்கே மலை உச்சியில் ஒளிந்து விளையாடுகிறது. மூன்று அடி முடிந்ததும் பேனாவைப் பல்லால் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தெற்கு மட்டும் சரியா அமையல. நாளைக்குத் தரேன்."

"நாளைக்குன்னா எப்போ?"

"நாளைக்குன்னா நாளைக்குத்தான், டீச்சரம்மா."

மறுநாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நான் லாரி பிடித்து டவுனுக்கு மருந்து வாங்கப் போனேன். மலை சரிந்து பாதை மூடிக்கொண்டதால், ஏழாம் நாள் காலையில்தான் திரும்பி வர முடிந்தது. வாசலில் நின்றிருந்த அவர் அம்மா, என் அத்தை, "சத்தம் போடாத டமாரிஸ், இப்பத்தான் கண்ணசந்தான்" என்றார்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. தாண்டி இன்னும் வீட்டின் பின்னறையில்தான் படுத்திருக்கிறார். உடம்பு கெடாமலிருக்க டவுனிலிருந்து ஆள் வந்து மருந்து ஏற்றிவிட்டுப் போனான். தலை மேற்கே, கால் கிழக்கே. மூச்சு நின்றுபோனாலும், அப்படிப் படுத்திருக்கும்வரை எங்கள் பக்கத்தில் ஒருவரை நோயாளி என்றுதான் சொல்லுவோம். வேளைக்குச் சோறு வைப்போம், வெளியே போனால் சொல்லிவிட்டுப் போவோம், வருகிறவர்கள் கிராம்புச் சிகரெட் கொண்டுவந்து தலைமாட்டில் வைப்பார்கள். எல்லாரும் கூடி அவர் தலையைத் தெற்கே திருப்புகிற நாளில்தான் அவர் இறந்தவர் ஆவார். அன்று எருமை வெட்டி, ஊர் அழுது, ஆன்மாக்கள் இருக்கும் தெற்கு நோக்கி அவரை வழியனுப்ப வேண்டும். அதுவரை அந்த வீட்டில் யாரும் 'தெற்கு' என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை.

முதல் சில மாதங்கள் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு யார் யார் அழுதார்கள், எவன் சிலேட்டை உடைத்தான் என்றெல்லாம் சொல்லுவேன். பிறகு ஒருநாள், பதிலுக்காகக் காத்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்ததை உணர்ந்தேன். அன்றுதான் அந்தக் கோரிக்கை என் நாக்கில் வந்து உட்கார்ந்தது. அவரை அனுப்பிவிடலாம் என்று அத்தையிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தீமிகாவில் சுரங்க வேலை பார்க்கும் அவர் அண்ணன் இரண்டு தடவை லீவு எடுத்து வரத் தயாராக இருந்தார். இரண்டு தடவையும் அத்தைதான் தடுத்தார்.

"நெத்தி இன்னும் சுடுது. சுடுற பிள்ளையை எங்க அனுப்பறது?"

தினமும் நண்பகலில் அத்தை எனாமல் குவளையில் காப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னறைக்குள் போவார். குவளையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, மகன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கதவு சாத்தியிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மெல்லிய முனகல் கேட்கும். பாட்டு மாதிரி, ஆனால் வார்த்தை புரியாது. மூடுபனிப் பாட்டின் கடைசி ராகம் அது. அத்தைதான் என்று என் அறிவு சொல்லும். அந்தக் குரலின் கனம் மட்டும் தாண்டியுடையதாக இருக்கும். நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன்.

"இபு, மாமா முழிச்சிட்டாரா?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். டீச்சரை இங்கே 'இபு' என்பார்கள்.

பிள்ளைகள் எப்படி அங்கே வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். போன மழையில் பள்ளிக்கூடத்தின் பின்சுவர் இடிந்துவிட்டது. முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரையும் எங்கள் வீட்டு முற்றத்துக்கு எதிரே இருக்கும் நெற்களஞ்சியத்தின் கீழே உட்காரவைத்தேன். தூண்களுக்கு நடுவே அகலமான பலகைத் தளம், மழை படாது. அத்தை மறுக்கவில்லை. "அவனுக்கும் கேக்கிறதுக்கு ஏதாச்சும் இருக்கட்டும்" என்றார்.

பாட்டு நன்றாகவே வேலை செய்தது. பனிக்குக் 'கபுத்', கிழக்குக்குத் 'தீமுர்', மேற்குக்குப் 'பாராத்', வடக்குக்கு 'உத்தாரா'. ஆனால் அவர்கள் முதலில் கற்ற சொல் பாட்டில் இருந்து வரவில்லை. 'ஜாஙான்', கூடாது. தூணில் ஏறக் கூடாது, சேவலை விரட்டக் கூடாது என்று நாள் முழுக்க நான் கத்துவது அதைத்தான். ரூரா என்று ஒரு ஏழு வயதுச் சிறுமி. அவள் வீட்டுக்குப் போய்த் தன் அப்பாவையே "ஜாஙான்" என்று அதட்டுகிறாளாம். அவர் என்னிடம் வந்து, "இபு, இந்த வார்த்தையை மட்டும் திருப்பி எடுத்துக்குங்க. குடும்பம் நடத்த முடியல" என்று கும்பிட்டார்.

நான் மூன்று திசைகளோடு பாட்டை நிறுத்திக்கொண்டேன். களஞ்சியம் வீட்டைப் பார்த்து இருந்தது. அங்கே உட்கார்ந்து தெற்கே கை நீட்டினால், விரல் நேராக அவர் படுத்திருக்கும் அறையைக் காட்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் கல்வி ஆய்வாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். கீழ்நாட்டுக்காரர், எங்கள் மொழி தெரியாது. சுவர் இடிந்ததற்கு என்னையே குற்றவாளி மாதிரி பார்த்தார். பிள்ளைகள் பாட்டைப் பாடியதும் முகம் கொஞ்சம் இளகியது.

"நல்லது. கிழக்கு எது?"

பதினெட்டுக் கைகள் சேவல் கூட்டைக் காட்டின.

"மேற்கு?"

மூங்கில் புதர்.

"தெற்கு?"

கைகள் எல்லாம் மடிக்குள் போய்விட்டன. ஒரு பையன் மட்டும் எழுந்து, தெரிந்த இந்தோனேசியத்தில், "ஐயா, எங்க ஊர்ல அது இல்லீங்க" என்றான்.

"தெற்கு இல்லாத ஊரா?" அவர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, இவர்களை மூன்று திசையோடு உலகத்துக்கு அனுப்பப் போகிறீர்களா? வெள்ளிக்கிழமை மறுபடி வருவேன். அப்போதும் இப்படியே இருந்தால் இந்த வகுப்பை மூடிவிட்டு, பிள்ளைகளைக் கீழே பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற்ற எழுதிவிடுவேன்."

கீழே என்றால் இரண்டு மணி நேர நடை. நடுவில் ஆறு.

வியாழக்கிழமை நண்பகல். இன்று சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்தேன். அத்தை குவளையோடு உள்ளே போவதைப் பார்த்தேன். கதவு சாத்தும்வரை காத்திருந்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "செலாத்தான்" என்றேன். "அதுதான் நாலாவது திசை. எங்கே, எல்லாரும் அந்தப் பக்கம் கை நீட்டுங்க."

ஒருவரும் அசையவில்லை. வீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இபு, அதுக்கு ஒரு அடி இருக்கு. நான் பாடட்டுமா?" என்றாள் ரூரா.

"எந்த அடி?"

"நாலாவது."

"அது நம்ம மொழியில இருக்கிறது. அது வேண்டாம்."

"இல்ல இபு. இந்தோனேசியத்துலயே இருக்கு."

எனக்குத் தெரிந்து அப்படி ஒரு அடி உலகத்திலேயே கிடையாது. பதிவேட்டின் அட்டையில் மூன்றுதான். நான் வாய் திறக்கும் முன் அவள் பாட ஆரம்பித்துவிட்டாள்.

"கபுத் பூலாங் கெ செலாத்தான், ஜாஙான் பாங்கில், ஜாஙான் பாங்கில்."

அது தாண்டியின் வாக்கியம். மூன்று அடிகளையும் ஆயிரம் முறை பாடிய எனக்கு, நான்காவது யாருடையது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"மாமா."

"பொய் சொல்லாத."

"தண்ணி குடிக்கப் போறப்ப கதவுகிட்ட நின்னு கேப்பேன். தினமும் அதான் பாடுறாரு."

வீட்டுக் கதவு திறந்தது. அத்தை குவளையை இரண்டு கையாலும் பிடித்தபடி படியில் நின்றார். காப்பியை உள்ளே வைக்க மறந்திருந்தார். அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. முற்றத்தைக் கடந்து எங்களிடம் வந்தார்.

"அவ பொய் சொல்லல. பாடுறது நான்தான்."

"உங்களுக்கு இந்தோனேசியம் தெரியாதே அத்தை."

"ஒரு வார்த்தை தெரியாது. சத்தம்தான் தெரியும். நீ டவுன்ல மாட்டிக்கிட்ட அன்னைக்கு, காலையிலேருந்து அவன் இதையேதான் பாடினான். திரும்பத் திரும்ப. பொழுது சாயறவரைக்கும்." அத்தை பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஒரு எழுத்தும் விட்டுடக் கூடாதுன்னு நானும் அன்னைலேருந்து பாடிப் பாடி வச்சிருக்கேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் அர்த்தம் சொல்லியிருப்பேனே."

"அர்த்தத்துக்கு என்ன? ராகம் நமக்குத் தெரிஞ்சதுதானே. நம்ம பாட்டு எப்படி முடியுது? 'கூப்பிடு, கூப்பிடு, நாளைக்கு வரேன்.' கூப்பிடச் சொல்றான் பிள்ளை. ரெண்டு வருஷமா நானும் கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன்." அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அதானே டமாரிஸ்?"

உண்மையைச் சொல்லலாம். ஆனால் இத்தனை நாளாக என் நாக்கில் கிடக்கும் ஆசையும் தாண்டி பாடிய அடியும் ஒன்றாக இருந்தன. நான் சொன்னால் அது என் பேச்சாகத்தான் கேட்கும். மருமகள் தன் வழியைப் பார்த்துக்கொள்ள மகனின் வாயில் வார்த்தையைத் திணிக்கிறாள் என்று ஒரு கணமாவது தோன்றும். அந்த ஒரு கணத்தை என்னால் தாங்க முடியாது.

அத்தைக்கு என் மௌனம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ரூராவின் பக்கம் குனிந்தார்.

"உங்க டீச்சருக்கு வாயடைச்சுப் போச்சு. நீ சொல்லுடி. என்ன சொல்றான்?"

ரூரா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். வகுப்பில் செய்வது மாதிரி விரல்களை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"கபுத்னா பனி, பெரியம்மா. பூலாங்னா வீட்டுக்குப் போறது. செலாத்தான், அது..." நாக்கைக் கடித்துக்கொண்டு, வீட்டை நோக்கிக் கையை மட்டும் நீட்டினாள். "அந்தப் பக்கம். ஜாஙான்னா கூடாது. பாங்கில்னா கூப்பிடறது. இபு தினமும் பேர் கூப்பிடுவாங்களே, அது."

"சேத்துச் சொல்லு."

"பனி அந்தப் பக்கம் வீட்டுக்குப் போகுது. கூப்பிடாதீங்க. கூப்பிடாதீங்க."

"சரியாச் சொல்றாளா?" அத்தை மற்றப் பிள்ளைகளைக் கேட்டார்.

"சரிதான்" என்றார்கள். அவர்களும் ஒவ்வொருவராகக் கை நீட்டியிருந்தார்கள். பதினெட்டு விரல்கள் அந்தப் பின்னறையைக் காட்டிக்கொண்டிருந்தன. உள்ளே பாட யாரும் இல்லை. இருந்தும், பாட்டு நின்றுபோன அந்த அறை எங்களைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

அத்தை களஞ்சியத் தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"மாத்திட்டானா?" என்றார், யாரையும் பார்க்காமல். "அந்த ஒரு அடியை மாத்திட்டானா? சின்ன வயசுலேருந்து ஒரு பாட்டை ஒழுங்காப் பாடினதில்ல."

"சரியா அமையலன்னு எங்கிட்டச் சொன்னாரு. நாளைக்குத் தரேன்னாரு."

"உனக்கு வச்சிருந்ததை எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கான். நான் கதவைச் சாத்தி வச்சுக்கிட்டேன்."

அவர் அழவில்லை. பிள்ளைகளுக்கே கேட்காத குரலில், "ஆனா நெத்தி இன்னும் சுடுதே டமாரிஸ்" என்றார்.

நான் அவர் கையிலிருந்த குவளையை வாங்கிக் கீழே வைத்தேன். அவர் உள்ளங்கையைப் பிரித்து அவருடைய கன்னத்திலேயே வைத்தேன். காப்பிச் சூட்டில் அது கதகதவென்று இருந்தது. அவர் கண்களை மூடினார். கையை எடுக்கவில்லை.

"சூடு உங்க கையில இருக்கு, அத்தை."

மலையிலிருந்து இறங்கிய பனி முற்றத்தைக் கடந்து வீட்டுக் கூரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் யாரும் அதைக் கூப்பிடவில்லை. நான் தரையில் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"அவர் தலையைத் தெற்கே திருப்பிடலாம், அத்தை."