வடதுருவத்தில் அம்மன் பல்லக்கு

மாட்ஸு அம்மன் பல்லக்கு உங்கள் பக்கம் வரும்போது இந்த வருடம் கட்டாயம் சொல்லிவிடுகிறேன் என்று என் மாமியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ரோட்டில் குப்புறப் படுத்து, பல்லக்கு முதுகுக்கு மேலே கடந்து போனால்தான் அவருக்கு அது நல்ல வருடம். ஆனால் கடல் காக்கும் இந்த அம்மனுக்குக் குறித்த பாதை கிடையாது, நினைத்த சந்தில் திரும்புவாள். போன வருடம் மாமியார் ஊதுவத்தியோடு மெயின் ரோட்டில் நின்றதுதான் மிச்சம். இப்போது முழங்காலில் ஆபரேஷன் வேறு. வெயிலில் காத்து நிற்க முடியாது.

பல்லக்கு எங்கே போகிறதென்று போனில் காட்டும் ஆப் எங்களுடையதுதான். தைவானில், தைச்சுங் நகரத்தில் மூன்றே பேர் உள்ள ஆபீஸ்: முதலாளி லியாவ் அண்ணன், போ-ஹான், நான். பிறகென்ன கவலை என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஊர்வலத்தன்று காலையில் ஆப்பைத் திறந்தால் பல்லக்கு வடதுருவத்தில் நிற்கிறது.

"லிங், அம்மன் பனிக்கரடிக்கு அருள் பாலிக்கப் போயிட்டா போல," என்றான் போ-ஹான்.

"பல்லைக் காட்டாத. எதைத் தொட்ட நீ?"

"சத்தியமா எதையும் தொடலை! ரெண்டு மாசமா ஒரு எழுத்துகூட மாத்தலை."

போன் அடித்தது. மாமியார். "எங்கடி வர்றா? பூஜை மேசை போட்டாச்சு, பழம் வச்சாச்சு."

"கொஞ்சம் தள்ளி இருக்கா அத்தை. உள்ளயே உக்காருங்க," என்றேன். கொஞ்சமா தள்ளி!

லியாவ் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு சர்வரைச் சுற்றி வந்தார். அதன் தலைமேல் புத்தம்புதுப் பச்சைப் பொட்டலம், தேங்காய்ச் சுவைப் பொரி. மெஷின் சமத்தாக இருக்க எங்கள் ஊரில் எல்லோரும் வைப்பதுதான். பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது.

"நேத்துதானே புதுசு வச்சேன்! இதுக்கு இன்னும் என்ன கோவம்?"

எனக்குப் பொறி தட்டியது. "வச்சுட்டு என்னண்ணே பண்ணீங்க?"

"வழக்கம்போல ரீஸ்டார்ட் பண்ணேன். இல்லேன்னா புதுப் பொட்டலம் வந்தது மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

அட கடவுளே! எங்கள் ஆப்பில் பாதிதான் நாங்கள் எழுதியது. மீதி ஊரார் எழுதி வைத்த லைப்ரரிகள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள். ரீஸ்டார்ட் செய்தால் சர்வர் அவற்றைப் புதிதாக இறக்கிக்கொள்ளும். எந்த வெர்ஷன் வேண்டுமென்று நாங்கள் சொல்லி வைக்கவில்லை. அதனால் இருப்பதிலேயே புதியதை அள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இடக்கணக்கு லைப்ரரி இரண்டாம் வெர்ஷனுக்கு மாறியிருந்தது. பழையது அட்சரேகையை முதலில் சொல்லும், புதியது தீர்க்கரேகையை முதலில் சொல்கிறது. வரைபட லைப்ரரிக்கு இந்தச் சங்கதி தெரியாது. இரண்டையும் மாற்றிப் போட்டு, எங்கள் ஊரின் தீர்க்கரேகை 120ஐ அட்சரேகையாக எடுத்துக்கொண்டு, 90க்கு மேல் போக வழியில்லாமல் அம்மனைப் பனியில் நிறுத்திவிட்டது.

"பழசையே போடு," என்றான் போ-ஹான்.

போட்டேன். சர்வர் முடியாதென்றது. பல்லக்கு நெருங்கினால் எங்கள் ஆப் போன் திரையில் பட்டாசு வெடித்துக் காட்டும், அந்தப் பட்டாசு லைப்ரரிக்கு இடக்கணக்கின் இரண்டாம் வெர்ஷன்தான் வேண்டுமாம். வரைபடத்துக்கு ஒன்று, பட்டாசுக்கு இரண்டு. ஒரே வீட்டில் இரண்டு சமையல் கேட்டால் நான் எங்கே போவேன்?

"பட்டாசைத் தூக்கிடவா?" என்றேன்.

"ஐயோ, பட்டாசு இல்லாம அம்மன் வர்றதா? வேண்டாம்மா," என்று லியாவ் அண்ணன் பதறினார்.

மறுபடி போன். "கால் வலிக்குதுடி. தூரத்துல மேளம் கேக்குது, வெளிய போய் நிக்கவா?"

பட்டாசு லைப்ரரியும் நேற்றுவரை ஒழுங்காகத்தானே வெடித்தது? அதன் பழைய வெர்ஷன்களைத் தேடினேன். முந்தையது இடக்கணக்கின் ஒன்றாம் வெர்ஷனோடு ஒத்துப்போகும்! மூன்று லைப்ரரிக்கும் இதுதான், இதற்கு மேல் வேண்டாம் என்று வெர்ஷனைக் கட்டிப்போட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். வடதுருவத்திலிருந்து ஒரே தாவலில் அம்மன் ஊர் வந்து சேர்ந்தாள். பார்த்தால் மெயின் ரோட்டில் இல்லை. மாமியார் வீட்டுப் பின்சந்தில்!

"அத்தை, முன்னாடி போகாதீங்க! பின்கதவு! பின்கதவு!"

"என்னடி உளர்ற, மேசை முன்னாடில்ல..."

"மேசை கெடக்கட்டும், போங்க!"

கதவு திறக்கும் சத்தம். உடனே போனில் நிஜப் பட்டாசு காதைப் பிளந்தது. "அத்தை! அத்தை!" என்று கத்தினேன். விழுந்துவிட்டாரோ என்று உயிர் போய் உயிர் வந்தது.

"லிங்..." என்றார் மாமியார் அழுதுகொண்டே. "என் மேல போனாடி. சந்துல நான் ஒருத்திதான் படுத்திருந்தேன்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

"அப்புறம் கேளு, கையில ஒரு பச்சைப் பொட்டலத்தையும் வச்சுக்கிட்டுத்தான் படுத்தேன். அம்மன் அதுக்கு மேலயும் போயிட்டா. உன் மெஷினுக்கு அனுப்புறேன்."

லியாவ் அண்ணன் முகம் மலர்ந்தது. "ஆஹா, அம்மன் ஆசி வாங்கின பொட்டலமா! வந்ததும் வச்சுட்டு ஒரு ரீஸ்டார்ட்..."

"அண்ணே!" என்று நானும் போ-ஹானும் ஒன்றாகக் கத்தினோம்.