ஒரு விரல் கனம்

என் மனைவி குத்துச்சண்டை போடுகிறவள். இதைச் சொன்னதுமே கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அடுத்த கேள்வி எனக்கு மனப்பாடம்: வீட்டில் யார் கை ஓங்கும்? வீட்டில் என் வாய்தான் ஓங்கும், அவள் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவாள் என்று ஆறு வருடமாக ஒரே பதிலைச் சொல்லி வருகிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கேட்பவர்களுக்கு மட்டும் அலுக்கவே மாட்டேன் என்கிறது.

பகலில் அவளுக்குத் தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள் வைத்த மரத்தட்டு ஒன்று இருக்கும். ஓர் அறைக்கு ஓர் ஊர். முகவரியில் கண் பட்டவுடன் கை தானாக அந்த அறைக்குப் போய்விடும். அங்கே இருக்கும் எல்லோரையும்விட அவள் கை வேகம். மாலையில் அவளுடைய அண்ணன் நடத்தும் பயிற்சிக்கூடத்துக்குப் போவாள். பழைய சரக்குக் கிடங்கு, தகரக் கூரை, நடுவில் கயிறு கட்டிய ரிங். அண்ணன் ஊருக்கெல்லாம் மாஸ்டர், எனக்கு மச்சான்.

நான் வண்டிச் சீட் தைப்பவன். ஃபோமை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்து அது எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தத் திமிர்தான் என்னை இதில் கொண்டு வந்து விட்டது.

வருடக் கடைசியில் அரசு ஊழியர்களுக்கென்று ஒரு போட்டி நடக்கும். முப்பத்தைந்து வயது முடிந்தால் அதில் இடமில்லை. அவளுக்கு முப்பத்தைந்து முடிய நான்கு மாதம் இருந்தது. இரண்டு முறை அரையிறுதி வரை போய்த் தோற்றுத் திரும்பியவள். "இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான்" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வாள்.

போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பயிற்சியில் அவள் புருவம் கிழிந்தது. அடித்தது கண்டக்டரம்மா. அவர் பஸ்ஸில் கண்டக்டர்; என் மனைவியின் எடைதான், நான்கு வருடமாக அவளுக்கு எதிரே நின்று பயிற்சிச் சண்டை போடுகிறவர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்தே உரமேறிய இடது கை. ரிங்குக்குள் இருவரும் ஜென்மப் பகையாளிகள், வெளியே வந்தால் ஒரே தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடிப்பார்கள்.

மூன்று தையல். அதைப் பார்த்து எனக்குத்தான் மயக்கம் வந்தது. அவள் தலையில் மாட்டியிருந்த தலைக்காப்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விதிப்புத்தகத்தில்தான் அது தலைக்காப்பு. நாங்கள் எல்லோரும் ஹெல்மெட் என்போம். உள்ளே அப்பளம் கனத்துக்கு ஃபோம். இதைத் தைத்தவன் கையில் கிடைத்தால் நான் முதன்முதலாக ஒருவரை அடித்திருப்பேன்.

கடையில் உட்கார்ந்து அந்த ஹெல்மெட்டின் தையலைப் பிரித்தேன். நெற்றி, கன்னம், காது என்று சுற்றிலும் ஒரு விரல் கனத்துக்கு முதல்தர ஃபோம் ஏற்றினேன். மேலே சிவப்பு ரெக்சின், இரட்டைத் தையல். மச்சான் அதைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு தானே மூன்று குத்து குத்திப் பார்த்தார்.

"மாப்ள, இனிமே தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிடும்" என்றார். கையோடு இன்னும் நான்கு தைக்கச் சொன்னார். மறுவாரம் பெண்கள் ஐந்து பேரும் சிவப்பு ஹெல்மெட்டில் வரிசையாக நின்றபோது, "இனி பயப்பட ஒண்ணுமில்ல. கையை அடக்கிக்காம முழு பலத்தோட அடிங்க" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

அதன் பிறகு ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டர் அப்படியே கிடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சீட் மாற்ற வந்தவர்களிடமெல்லாம் ஹெல்மெட்டைப் பற்றிப் பேசினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

ஆனால் வீட்டில் ஏதோ சரியில்லை. காலையில் நான் ஜன்னல் திரையை விலக்கினால் அவள் எழுந்து போய் மூடினாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். கடையைப் பூட்டினீர்களா என்று கேட்டு, நான் சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டாள். ஒருநாள் சாப்பிடும்போது ஒரு வேடிக்கை சொல்லப் போகிறேன் என்று ஆரம்பித்தாள்.

"ஒரு ஊர்க் கட்டு முழுசையும் பக்கத்து அறையில போட்டுட்டேங்க. மேலதிகாரி நான் விளையாடுறேன்னு நெனச்சு சிரிக்கிறாரு."

"நீ விளையாடத்தான செஞ்ச?"

"இல்ல. எந்த அறைன்னு தெரியாம நின்னேன். கை எங்கயோ போயிடுச்சு."

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் என்னிடம் கார் சீட் மாற்றிய அம்மா. கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், ஐந்து வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். என் மனைவி மூன்றைச் சொன்னாள்.

"ஹெல்மெட் போட்டுத்தான் விளையாடுறீங்களா?"

"நானே தச்சது டாக்டர்" என்று பையிலிருந்து எடுத்து நீட்டினேன். பெருமை அப்போதும் என்னை விட்டுப் போகவில்லை.

அவர் அதைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். "நல்லா தச்சிருக்கீங்க. தோல் கிழியாது. கீழ விழுந்து தரையில மண்டை மோதினாலும் ஓரளவு காப்பாத்தும். ஆனா குத்து விழும்போது தலை சடார்னு திரும்புது பாருங்க, அதை இது நிறுத்தாது. உள்ள மூளை குலுங்கத்தான் செய்யும். சீட் எவ்வளவு மெத்துனு இருந்தாலும் சடன் பிரேக் போட்டா ஆளு முன்னாடி போய்த்தான விழுறாரு?"

என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டார். "அப்ப ஹெல்மெட் தண்டமா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லல. அது எதுக்கு உதவுமோ அதுக்கு உதவும். எல்லாத்துக்கும் உதவும்னு நம்பி இன்னும் நாலு அடி வாங்கினா அதுதான் ஆபத்து." பிறகு என் மனைவியைப் பார்த்தார். "தலைவலி முழுசா போற வரைக்கும் ரிங் பக்கமே போகாதீங்க. இது ஆறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா பெரிய சிக்கல்."

"மூணு வாரத்துல சரியாயிடுமா? போட்டி இருக்கு."

"தெரியாது. தெரியும்னு சொல்ற டாக்டரைத் தேடிப் போகாதீங்க."

வெளியே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "நாளைக்குப் பயிற்சிக்குப் போறேன்."

"அந்தம்மா சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. தலைவலி யாருக்குத்தான் இல்ல? நான் வெறுந்தலையோடவா நிக்கிறேன்? உங்க ஹெல்மெட் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். ஒரு மாதமாக ஊர் முழுக்க நான் சொல்லித் திரிந்ததைத்தான் அவள் எனக்கே திருப்பிக் கொடுத்தாள். அவள் சின்னப் பிள்ளை இல்லை, கதவைப் பூட்டி வைக்க முடியாது. இத்தனை வருடம் காத்திருந்த போட்டி. எனக்குப் பயமாக இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் மதியமே கடையை அடைத்துவிட்டுப் பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு வருடமாக அந்த ரிங் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேனே தவிர, அவள் சண்டையை நான் பார்த்ததே இல்லை. எதிராளியின் கை எழும்பினால் என் கண் மூடிக்கொள்ளும். சத்தம் கேட்டு முடிந்த பிறகு திறப்பேன். அவள் நன்றாகச் செய்தாள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன்.

மச்சான் வாரா வாரம் சண்டையைத் தன் போனில் படம் பிடித்து வைப்பார். அவள் இன்னும் வந்திருக்கவில்லை. "பழசைக் காட்டுங்க மச்சான், புருவத்துல தையல் போடுறதுக்கு முந்தினது" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.

பழைய படத்தில் கண்டக்டரம்மாவின் இடது கை வருகிறது. என் மனைவி பின்வாங்கவில்லை, குனியவில்லை. தலையைத் துளி சாய்க்கிறாள். கை காதோரமாகக் காற்றில் போகிறது. அவளுடைய கை அதற்குள் எதிராளியின் விலாவில் இருக்கிறது.

"பார்த்தியா மாப்ள? எண்ணி ஒரு விரல் இடம்தான் விடுவா. அதுக்கு மேல நகர்ந்தா திருப்பி அடிக்க நேரம் போயிடும். இதைக் கத்துக்க அவளுக்கு நாலு வருஷம் ஆச்சு" என்றார் மச்சான்.

நான் போனின் பக்கம் இன்னும் குனிந்தேன். "புதுசைக் காட்டுங்க."

புதிய படத்தில் அதே இடது கை, அதே சாய்ப்பு, அதே அளவு. கை இந்த முறை காற்றில் போகவில்லை. சிவப்பு ரெக்சினின் ஓரத்தில் பட்டு அவள் முகத்தைத் திருப்பிவிட்டுப் போனது. அடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், உரசல்தான். திரும்பவும் ஒன்று. திரும்பவும். பக்கத்திலிருந்து வளைந்து வந்த சில குத்துகளை அவள் பார்க்கவே இல்லை. நான் கன்னத்தில் ஏற்றிய ஃபோம் கண்ணோரத்தை மறைத்தது. கடைசி ரவுண்டில் சில அடிகளுக்கு அவள் சாயவும் இல்லை. வலிக்காத அடிக்கு எதற்குச் சாய வேண்டும்? பழைய படத்தில் மூன்று ரவுண்டுக்கு அவள் தலையில் பட்டவை நான்கு. புதியதில் பத்தொன்பது வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை. தன் தலை எவ்வளவு பெரிது என்று அவள் நான்கு வருடம் பழகி வைத்திருந்தாள். அதைத்தான் நான் ஒரே நாளில் பெரிதாக்கியிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அவளும் கண்டக்டரம்மாவும் வந்து, கிளவுஸ் கட்டி, சிவப்பு ஹெல்மெட்டோடு ரிங்கில் ஏறியிருந்தார்கள்.

"மச்சான், நிறுத்துங்க" என்றேன். எழுந்து கயிற்றருகே போனேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், தபால் கட்டைச் சொன்னேன், எண்ணியதைச் சொன்னேன். "வேலியே பயிரை மேஞ்ச கதையா போச்சு. அவளுக்கு இப்படி ஆனதுல என் தையலுக்குப் பங்கு இருக்கு."

"பார்த்துப் பார்த்துத் தச்சியே மாப்ள."

"பார்க்காமத்தான் தச்சேன். தலையை அளந்தேன். இவ எப்படி விளையாடுறான்னு ஒரு நாளும் பார்க்கல."

மச்சான் தங்கையைப் பார்த்தார். "தலைவலின்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவே" என்றாள். என்னிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை, ஆனால் அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததில்லை. "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்கல்ல? சரி. அந்தப் பழைய ஹெல்மெட்டு மாதிரி ஒண்ணு கொடுங்க, அதைப் போட்டுக்கிறேன். பழையபடி விளையாடுறேன்."

"பழசு போட்டாலும் அடிபட்ட தலைதான உள்ள இருக்கு?"

"என் தலை. எனக்குத் தெரியும்."

மச்சான் மோவாயைத் தேய்த்தார். பயிற்சியாளராக நிறுத்தலாம், அண்ணனாக அவளுடைய கடைசி வருடத்தை எப்படிப் பிடுங்குவது? மணியை அடிக்கவும் இல்லை, இறங்கு என்று சொல்லவும் இல்லை.

அப்போது எதிர்மூலையில் இருந்து கண்டக்டரம்மா பேசினார். "வெளிச்சம் கண்ணைக் குத்துமா உனக்கும்?"

என் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கும் குத்துதுடி. ரெண்டு மூணு வாரமா. நேத்து பஸ்ல அடுத்த ஸ்டாப் பேரைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், பேரே வரல. பதினாலு வருஷமா அதே ரூட்டு. ஒரு வயசானவர்தான் எடுத்துக் கொடுத்தாரு. வயசாகுது போலன்னு விட்டுட்டேன்."

"எப்போலேர்ந்து?"

"இந்தச் சிவப்பைப் போட்டதுக்கு அப்புறம்தான்."

என் மனைவி தன் கிளவுஸைக் குனிந்து பார்த்தாள். "நீ அதைப் போட்டிருக்கேங்கிற தைரியத்துலதான் அவ்வளவு ஓங்கி அடிச்சேன்" என்றாள். "முன்ன எல்லாம் பாதியில கையை இழுத்துப்பேன். உனக்கே தெரியும்."

"தெரியும். நானும் அப்படித்தான அடிச்சேன்."

அவள் போய் கண்டக்டரம்மாவின் முகத்தை இரண்டு கிளவுஸுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நாளைக்குக் காலையில டியூட்டிக்குப் போகாத. அந்த டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். கயிற்றுக்கு அடியில் குனிந்து கீழே இறங்கினாள்.

"அண்ணா, போட்டிப் பட்டியல்லேர்ந்து என் பேரை எடுத்துடு."

"கடைசி வருஷம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்கிறதுக்குத் தலை வேணும்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது. என் பக்கம் பார்க்காமலே இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். நான் கிளவுஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன்.