ஆடுகிற சக்கரம்

1
நேரில் நன்றி சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன். சொல்லப் போகும்போதெல்லாம், கராஜ் வைத்திருக்கும் ஹயாத்து முகம்மது நானா தேத்தண்ணி குடிக்கச் சொல்லிக் கதையை மாற்றிவிடுகிறார்.

2
'யுத்தம் உச்சத்தில் இருந்த அன்று, கற்பிட்டிக் கடல் கொந்தளித்து—'

வேண்டாம். கடல் சும்மாதான் கிடந்தது. கொந்தளித்தது நான். இரண்டாயிரத்து ஏழு. என் மனைவி அனஸ்தாசியாவின் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. மறுநாள் காலை புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊர் மாம்புரியில் எங்களுக்குக் கிடைக்கக்கூடியது மச்சான் லோறன்ஸின் ஜப்பான் கார் ஒன்றுதான். அதுவும் எஞ்சின் செயின் மாற்ற நானாவின் கராஜில் கிடந்தது. சோதனைச்சாவடிகளுக்கு நடுவே அது நின்றுபோனால் வேறு வாகனம் தேட முடியாது.

3
நானா படகு எஞ்சின்களில் கைபழகியவர். உப்புத் தின்ற பல்சக்கரம் ஆடும். அந்த ஆட்டத்தை முன்னுக்குத் தள்ளி எடுத்துவிட்டு, வால்வைப் பார்த்து அது திறக்கும் நேரத்தை, அதாவது டைமிங்கை, வைப்பது எங்கள் கரை வழக்கம். இந்தக் காரில் செயின் ஓடும் பல்சக்கரமும் ஆடியது. அதையும் அப்படியே தள்ளிப் பூட்டினார்.

(அடிக்குறிப்பில் போயிருக்க வேண்டியது: அந்தச் சக்கரம் தேயவில்லை. வேகத்துக்கு ஏற்ப வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதற்காக அது அசையத்தான் வேண்டும். முழுதாகப் பின்னுக்குத் திருப்பி, அதன் பூட்டில் கொளுவ வைத்த பிறகே செயின் போட வேண்டும்.)

4
கார் ஸ்டார்ட் ஆகி உதறியது. புத்தளம் வரை உதறிக்கொண்டே போகட்டும் என்று கார்த் திறப்பைக் கேட்டேன்.

[இங்கே நானாவைக் கொஞ்சம் தயங்க வைத்தால் பாத்திரம் இன்னும்— இல்லை. அவர் தயங்கவில்லை.]

திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"தம்பி, பிழை என்ட கையிலதான். தங்கச்சிய இதுல ஏத்த உடமாட்டன்."

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார். சக்கரத்தைக் கையால் அசைத்தார். அது கண்டபடி ஆடாமல், ஒரே அளவில் பின்னுக்குப் போய் டக்கென்று கொளுவிக்கொண்டது.

"தேஞ்சதில்ல இது. இப்புடித்தான் ஈக்கணும்."

பிறகு பூட்டியபோது கார் உதறவில்லை. அந்த மனிதரை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

5
முடிவு. கதை என்றால் கார் வழியில் நுரைச்சோலையில் நிற்க வேண்டுமாம். மறுநாள் அது எங்கேயும் நிற்கவில்லை. எழுதிப் பார்த்தேன்: 'சாவடியைத் தாண்டியதும் எஞ்சின் மெல்ல—' கை ஓடவில்லை. அவர் அவ்வளவு பாடுபட்டுப் பூட்டிய காரைக் காகிதத்தில்கூட என்னால் நிறுத்த முடியாது.

உங்களுக்கு நிறுத்தித்தான் ஆகவேண்டுமென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் என் மனைவியையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுங்கள்.