வட்டமாகத் துடைத்த இடம்

என் ஓரகத்திக்குக் கைராசி என்று இந்த வீட்டில் இன்னொரு தடவை யாராவது சொன்னால், பாலிஷ் மெஷினைத் தூக்கி அவர்கள் தலையிலேயே ஓட்டிவிடுவேன். மாமனாரின் கார் பாலிஷ் கடையில் பதினோரு வருஷமாக முதுகு ஒடிகிறவள் நான். அவள் என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்து முழுசாக இரண்டு வருஷம் ஆகவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

வேலை முடிந்த வண்டியை மாமனார் ஒரு டார்ச் அடித்துப் பார்ப்பார். அவர் 'ம்' சொன்னால்தான் வண்டி கடையைவிட்டு நகரும். கண் மங்க ஆரம்பித்ததும், அந்த டார்ச்சை மருமகள்களில் ஒருத்தியிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். மூத்தவள் நான் இருக்கிறேன், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவரோ மறுநாள் காலையில் தன் சொந்த வண்டியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்.

வெள்ளைக் கார். ஊரார் வண்டியெல்லாம் பளபளக்கும் கடையில், முதலாளி வண்டியை மட்டும் ஆறு வருஷமாக யாரும் கவனிக்கவில்லை. கண்ட அழுக்குத் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பெயிண்ட் செத்துக் கிடந்தது. வெள்ளை நிறம் பெரிய கள்ளி. சும்மா பார்த்தால் எதையும் காட்டாது. டார்ச் அடித்தால்தான் சிலந்தி வலை மாதிரி கீறல் சுற்றிச் சுற்றித் தெரியும்.

மாமனார் பானெட்டின் நடுவே டேப் ஒட்டினார். "ஆளுக்குப் பாதி. யாரு பக்கம் சுத்தமோ, டார்ச் அவளுக்கு."

நான் வலது பக்கம், அவள் இடது பக்கம். என் கை மெஷினில் இருந்தாலும் கண் டேப்பைத் தாண்டியே இருந்தது. அவள் அவசரமே படவில்லை. சின்னதாக ஒரு இடம் எடுப்பாள், மெதுவாக ஓட்டுவாள், துடைப்பாள், அடுத்ததுக்குப் போவாள். பாட்டு வேறு முணுமுணுக்கிறாள்!

மதியம் அவள் கை கழுவப் போனாள். நான் டார்ச்சை எடுத்து அவள் பக்கம் அடித்தேன். ஒரு கீறல் இல்லை. என் பக்கம் அடித்தேன். ஓரத்தில் மயிரிழை போல நாலைந்து மிச்சம். வயிறு பற்றி எரிந்தது. பதினோரு வருஷ உழைப்பும் சேர்ந்து எரிந்தது.

தரையில் கிடந்த புழுதித் துணியை எடுத்தேன். அவள் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அழுத்தி ஒரு தேய் தேய்த்தேன். துணியைக் காலால் தள்ளிவிட்டு என் பக்கம் வந்து நின்றுகொண்டேன்.

சாயங்காலம் மாமனார் டார்ச் அடித்தார். என் ஓரத்துக் கீறல் அவர் கண்ணில் படவில்லை. அவள் பக்கம் வந்ததும் வெளிச்சம் நின்றது.

"இது யாரு வட்டமா துடைச்சது?"

கடையில் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான்: நேராகத் துடை, வட்டம் போடாதே. நேர்க் கீறல் ஒரு பக்கமிருந்து பார்த்தால்தான் தெரியும். வட்டக் கீறல் எங்கே நின்று பார்த்தாலும் காட்டிக்கொடுக்கும். அந்த எரிச்சலில் எனக்கு அது மறந்தே போயிற்று.

"நான்தான் மாமா," என்றாள் ஓரகத்தி. "அவசரத்துல துடைச்சிட்டேன்."

"நீயா?" மாமனார் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டார்ச்சை என் கையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அவள் மெஷினை எடுத்து அந்த இடத்துக்குக் குனிந்தாள். "கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்கக்கா."

காட்டினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, என் நெஞ்சு மெஷினைவிடச் சத்தம் போட்டது.

"ஏண்டி பொய் சொன்னே?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "வீட்டுல பாத்திரம் தேய்க்கிறப்பவும் நீங்க இப்படித்தான்க்கா, வட்டமாத்தான் தேய்ப்பீங்க."

குரலில் கோபமாவது இருந்திருக்கலாம். இல்லை. அவள் துணியை மடித்து நேராக ஒரு துடை துடைத்துவிட்டு நகர்ந்தாள். "பாருங்கக்கா, போயிடுச்சா? இனிமே நீங்கதானே சொல்லணும்."

டார்ச்சை அடித்தேன். சுத்தமாகப் போயிருந்தது. 'ம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.