உமாராணி வரிசையில் எத்தனையாவது ஆள்?

1

இந்தக் கதை எனக்கு ஓர் அழகு நிலையத்து நாற்காலியில் கிடைத்தது. "நெடுநாளாக என்னை உறுத்திய கரு" என்று முன்னுரையில் எழுதிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். பாக்கார் ஆராங்கில் என் வீட்டிலிருந்து நாலு கடை தள்ளி இருக்கும் ஷீலா, என் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டே, சுங்கை பட்டாணியில் நடந்து முடிந்த தொலைக்காட்சித் திருவிழாவைப் பற்றிப் பேசினாள். தலை நிறையச் சாயத்தோடு எழுந்து ஓட முடியாது. அதனால் முழுக்கக் கேட்டேன்.

"அக்கா, ஆளுங்க கியூ நிக்கிறத பாத்திருக்கேன். சிலிப்பர் கியூ நின்னத அன்னிக்குத்தான்லா பாத்தேன்," என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து தலையை அலசும்போது சிரிப்பு போய்விட்டது. ஏன் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன். (இதுவும் எழுத்தாளர்கள் எல்லாரும் சொல்வதுதான். ஆனாலும் உண்மை.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"விடிந்தும் விடியாத அந்த வேளையில், ரப்பர் மரங்களுக்கிடையே பனி மெல்ல—"

[நிறுத்து, அக்னஸ். ஷீலா சொன்ன அந்த உமாராணி பாடாங் செராயில் வரிசை வீட்டில் இருக்கிறாள். கையுறைத் தொழிற்சாலைக்கு வேனில் போய் வருகிறாள். அவள் ரப்பர் மரத்தைக் கடைசியாக எப்போது தொட்டாள் என்று உனக்குத் தெரியுமா? தோட்டத்துப் பக்கம் என்றாலே பனியைக் கொண்டுவந்து இறக்கும் பழக்கத்தை விடு.]

இரண்டாவது தொடக்கம்:

"உமாராணி தனக்காக லீவு போட்டாள்."

இது நிற்கிறது. இதை விடமாட்டேன். ஏனென்றால் அவள் அதுவரை போட்ட லீவு எதுவும் அவளுடையது இல்லை. மாமனார் கருமாதிக்குப் போட்டாள், மகன் பள்ளிக்கூடத்தில் அடிபட்டதற்குப் போட்டாள், நாத்தனார் பிரசவத்துக்கும் வீட்டுக்காரர் காய்ச்சலுக்கும் போட்டாள். இது ஒன்றுதான், யாருக்கும் உடம்பு சரியில்லாமல், யாரும் சாகாமல், அவள் ஆசைப்பட்டுப் போட்டது. சூப்பர்வைசர் காரணம் கேட்டபோது, "சொந்த வேலை" என்றாளாம். அதைச் சொல்லும்போது வெட்கமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.*

*கதைக்குள் நான் அவளை "அவள்" என்கிறேன். நேரில் "வாங்க உமா, உக்காருங்க". எழுதுகிறவர்களுக்கு இந்தச் சலுகையை யார் கொடுத்தது என்று தெரியவில்லை.

3

ஆசை என்ன ஆசை? எட்டரை மணித் தொடரில் லாரி ஓட்டுநராக நடிக்கும் திவாகரனிடம் கையெழுத்து வாங்குவது. வெறும் கையெழுத்து இல்லை. "உமாராணிக்கு" என்று மேலே எழுதி, கீழே அவன் பெயர். அதற்காக வாரப் பத்திரிகையிலிருந்து அவன் படத்தை வெட்டி, மடங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தாள்.

ஏன் திவாகரன்? ஒரு தரமான எழுத்தாளராக நான் இங்கே அவளுடைய மணவாழ்க்கையின் வெறுமையைக் கொஞ்சம்—

(வேண்டாம். அவள் வீட்டுக்காரர் முனியாண்டி நல்ல மனுசர். அன்று காலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவரே அவர்தான்.)

நானே கேட்டேன். "மத்தவங்க அழுவுறப்ப மொகத்த மூடிக்கிறாங்க டீச்சர். அவன் மூட மாட்டான்" என்றாள். என்னால் இதைவிட நல்ல காரணம் கண்டுபிடிக்க முடியாது.

4

இனி நடந்தது.

அனுமதி இலவசம், அனைவரும் வருக, முதலில் வருவோருக்கு முதலிடம் என்று ஒரு மாதமாகத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உமாராணியும் அவளோடு ஒரே பிரிவில் வேலை செய்யும் பிரேமாவதியும் கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்துக்குக் காலையிலேயே போய்விட்டார்கள். கையெழுத்து மேசை இரண்டு மணிக்குத்தான். மேசைக்கு முன்னால் இரும்புத் தடுப்பு. தடுப்புக்கு முன்னால் வரிசை. பெரும்பாலும் பெண்கள்.

உச்சி வெயில் ஏறியதும் நிற்க முடியவில்லை. அப்போது உமாராணிதான் அந்த யோசனையைச் சொன்னாள். பாடாங் செராய்ப் பக்கம் கோயில் அன்னதானத்திலும், முன்பெல்லாம் கிளினிக் திறக்கும் முன்னாலும் செய்வதுதான்: நிற்கிற இடத்தில் ஒரு செருப்பை விட்டுவிட்டு நிழலுக்குப் போய்விடலாம். செருப்பு நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை யாரும் தொடமாட்டார்கள், தாண்டி நிற்கவும் மாட்டார்கள். மீறினால் அடிதடிதான். எல்லாருக்கும் இது தெரிந்த விஷயமாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு செருப்பை விட்டுவிட்டு, மற்றதோடு நொண்டிக்கொண்டே சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போனார்கள். சிரிப்பும் கும்மாளமுமாக இருந்ததாம். ஒருத்தி காலை ஒருத்தி பார்த்துக் கேலி செய்துகொண்டார்களாம். கதையிலேயே சந்தோஷமான இடம் இதுதான். கொஞ்ச நேரம் இங்கேயே இருங்கள்.

திரும்பி வந்தபோது செருப்பு ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டிய வேறு ஆட்கள் நின்றார்கள். விழாவுக்கு ஆதரவு கொடுத்த மசாலாத்தூள் கம்பெனியின் பெரிய பெட்டி வாங்கியவர்களுக்கு அந்தப் பட்டை. பட்டை இருந்தால் முன்வரிசை. இதை ஒரு மாதத்தில் ஒரு நாளும் தொலைக்காட்சியில் சொல்லவில்லை. ஷீலா அந்த மஞ்சள் பட்டையோடுதான் நின்றாள். கம்பெனிக்காரர் கடைக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனதாம்.

வாக்கி டாக்கியோடு நின்ற பெண்ணிடம் உமாராணி போனாள். பெண்ணின் கழுத்து அட்டையில் டிஃபனி என்று இருந்தது.

"எங்க சிலிப்பர்லாம் எங்கம்மா?"

"அதுங்களா ஆன்ட்டி? யாரோ போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சு கிளியர் பண்ணிட்டேன். கேமரா வருதுன்னு சொன்னாங்க. சாரிலா."

"நாங்க காலையிலேருந்து நின்ன எடம் அது."

"ஆள்தான் நிக்கணும் ஆன்ட்டி. சிலிப்பர் நின்னா எப்படி? எல்லாரையும் விட முடியாது. யெல்லோ பேண்ட் இருக்கா?"

தடுப்புக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குப்பைப் பை இருந்தது. உமாராணி அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். செருப்புகளைப் பொறுக்கி, யாருக்குப் பின் யார் என்று கேட்டுக் கேட்டு, தடுப்பை ஒட்டி மறுபடி வரிசையாக வைத்தாள். பெண்கள் அவரவர் செருப்பில் காலை விட்டு நின்றார்கள். இதைத்தான் ஷீலா பார்த்தாள். இதைத்தான் நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

5

டிஃபனியை என்ன செய்வது?

முதல் படியில் அவளை நன்றாக வில்லியாக்கினேன். மூக்கைச் சுளிக்க வைத்தேன். "எஸ்டேட் ஆளுங்க" என்று முணுமுணுக்க வைத்தேன். வாசகருக்குக் கோபம் வர வேண்டாமா? ஆனால் அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. பினாங்குப் பக்கத்துப் பிள்ளை. விழாவுக்கு மட்டும் எடுத்த தற்காலிக ஆள். செருப்பு இடம்பிடிக்கும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? மஞ்சள் பட்டையையும் அவள் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் குளிர்சாதன அறையில் இருந்தார்கள். அவர்கள் இந்தக் கதைக்குள் வரவே இல்லை. கவனித்தீர்களா, அப்படிப்பட்டவர்கள் எந்தக் கதைக்குள்ளும் லேசில் வருவதில்லை.

உமாராணி அவளைத் திட்டினாள். சாதாரணத் திட்டு இல்லை. பெற்றவர்களையும் சேர்த்து. டிஃபனி எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, "நாலு மணிக்கு செகண்ட் செஷன் இருக்கு ஆன்ட்டி, வெய்ட் பண்ணுங்க" என்றாள். அப்படித்தான் அவளுக்கும் வாக்கி டாக்கியில் யாரோ சொன்னார்களாம்.

காத்திருந்தார்கள். திவாகரன் வந்தான், மஞ்சள் பட்டைகளுக்குக் கையெழுத்துப் போட்டான், பின்வழியாக வந்த, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரின் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டான், மேடையேறி ஆடினான், வேனில் ஏறிப் போனான். நாலு மணிக்கு மேசையை மடக்கினார்கள்.

6

இப்படியா முடிப்பது? எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால் மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. வேனில் ஏறப்போன திவாகரன் அந்த வரிசையைப் பார்க்கிறான். தடுப்பைத் தாண்டிக் குதித்து வந்து ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுக்கிறான். நன்றாகவே வந்தது. அதுதான் சந்தேகம். காலையிலிருந்து வெயிலில் காய்ந்தது உமாராணி, கைதட்டு வாங்குவது திவாகரனா?

இரண்டு. ஷீலா மனம் கசிந்து, தன் மஞ்சள் பட்டையை உமாராணி கையில் கட்டிவிடுகிறாள். இதை ஷீலாவிடமே சொன்னேன். "அதுல கம் இருக்கும்கா. கழட்டுனா கிழிஞ்சிடும்," என்றாள். யதார்த்தவாதம் அத்தோடு முடிந்தது.

மூன்று. நானே திறந்துவிடுகிறேன். ஆமாம், எழுதுகிறவள் நான்தானே? எந்த வாக்கி டாக்கி என்னைத் தடுக்கும்? வரிசையில் முதல் ஆளாக நிற்கும் உமாராணிக்காக இரும்புத் தடுப்பை நகர்த்தினேன். அவள் மேசைக்குப் போனாள். படத்தை நீட்டினாள். அவன் அவள் பெயரைக் கேட்டு எழுதினான். எழுதிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இதுதான் முடிவு என்று தீர்மானித்து, ஷீலாவைக் கூட்டிக்கொண்டு பாடாங் செராய்க்குப் போனேன். ஷீலா பிறந்து வளர்ந்தது உமாராணியின் பக்கத்து வீட்டில்தான்.

7

உமாராணி தேநீர் போட்டுக் கொடுத்தார். (நேரில் வந்துவிட்டோம், இனி "அவர்".) நான் வாசித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். செருப்பு இடத்தில் சிரித்தார். டிஃபனி இடத்தில், "நான் திட்டுனத போட்டுட்டீங்களா? போடுங்க. ஆனா அந்தப் புள்ள அழுததையும் போடுங்க," என்றார். மூன்றாவது முடிவு வந்ததும் முகம் மாறிவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா நான் முன்னுக்கு நிக்கல."

"அப்படியா?"

"எனக்கு முன்னால பிரேமா. அவளுக்கு முன்னால ஒரு சீனப் பொண்ணு, அதுவும் நாடகம் பாக்குமாம். ஆக முன்னால கோலா கெடாவுலேருந்து பஸ் மாறி மாறி வந்த ஒரு அம்மா. அவங்கதான் மொதல்ல."

"அவங்க பேரு?"

"கேக்கலயே."

நான் விளக்கினேன். கதை என்றால் அப்படித்தான் உமா, எல்லாரையும் கொண்டுவர முடியாது, ஒருத்தர் உள்ளே போனால் எல்லாரும் போன மாதிரி, வாசகர் புரிந்துகொள்வார்.

"அதான் டீச்சர் டிஃபனியும் சொல்லிச்சு. எல்லாரையும் விட முடியாதுன்னு."

குத்தலாகச் சொல்லவில்லை. ஞாபகம் வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்குத்தான் சுருக்கென்றது. இந்தக் கதையில் பெயர் கொடுத்து ஒருத்தியை மட்டும் முன்னால் கூட்டிப்போனவள் நான். அதற்கு மஞ்சள் பட்டை தேவைப்படவில்லை.

மூன்றாவது முடிவை அங்கேயே மடித்துப் பைக்குள் வைத்தேன். உமாராணிக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றினார்.

"ஒங்க புக்கு வருதாமே, ஷீலா சொன்னா. நீங்களும் கையெழுத்து போட்டுக் குடுப்பீங்களா?"

"கண்டிப்பா. சுங்கை பட்டாணியிலதான் வெளியீடு. நீங்க வரணும்."

"எத்தன மணிக்கு போடுவீங்க?"

சொல்ல ஆரம்பித்தேன். முதலில் குத்துவிளக்கு. பிறகு வாழ்த்துரைகள். பிறகு முதல் நூலை டத்தோ பெற்றுக்கொள்வார். அடுத்து வாசகர் வட்டச் செயலாளர் பரஞ்சோதி ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பிரமுகராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர்கள் மேடையேறி, கையெழுத்திட்ட நூலை வாங்கிக்கொண்டு, பொன்னாடை, படம். அதெல்லாம் முடிந்ததும், மற்றவர்கள் பின்னால் மேசையில்— அதற்குள் பாதிப் பேர் சாப்பிடப் போய்விடுவார்கள், நானும் களைத்திருப்பேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது எனக்கே கேட்டது.

"அப்ப நாங்க கடைசியில," என்றார் உமாராணி. சரி, தெரிந்துகொண்டேன் என்கிற மாதிரி.

பிறகு கேட்டார்: "ஞாயித்துக்கெழமைதானே? அன்னிக்கு எனக்கு வேல இருக்கு. வரணும்னா லீவு போடணும் டீச்சர். வெள்ளிக்கெழமைக்குள்ள சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும். போடவா?"

தேநீர் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

8

பரஞ்சோதியிடம் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். வந்த வரிசைப்படி கொடுக்கலாமே, டத்தோவும் நிற்கட்டுமே என்றேன். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அவங்க வரமாட்டாங்க. அவங்க வரலன்னா அந்த மண்டபமும் இல்ல," என்றார். அவரும் கெட்டவர் இல்லை. என் ஐந்து புத்தகத்துக்கும் அலைந்தவர். நீயே மேடையில் நின்று மறுக்கலாமே அக்னஸ் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் அதைத்தான் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு முறை ஆம் என்று வருகிறது, ஒரு முறை அடுத்த புத்தகத்தை யார் போடுவார் என்று வருகிறது.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. ஆனால் கெடாவில் தமிழ்ப் புத்தகம் வாசிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தான். இதை இதுவரை வாசித்த உங்கள் பெயரும் பரஞ்சோதி கூப்பிடப்போகும் பெயர்களில் ஒன்றாக இருக்கலாம்.

கூப்பிட்டால், எழுந்து வருவீர்களா?

இன்று புதன்கிழமை. உமாராணி கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.