கரீமுல்லா பாயின் நெஞ்சுப் பூனை

கிண்டிப் பக்கம் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம். கட்டடம், கருவி, மாணவர் எல்லாம் இருந்தும் அங்கே நோயாளிகள் போதவில்லை. ராயப்பேட்டையில் எங்கள் தர்ம ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் குறைவில்லை, கூரைதான் ஒழுகியது. இரு தரப்பும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். அவர்கள் டாக்டர்களை அனுப்புவார்கள், கூரையை மாற்றுவார்கள், பெரிய ஆபரேஷன்களைக் கிண்டியில் செய்துதருவார்கள். பதிலுக்கு நாங்கள் அவர்களுடைய பிள்ளைகளுக்கு உடம்பைக் காட்டுவோம். ஜாதகம் பார்க்காமல் நடந்த கல்யாணம். ஆனாலும் நிலைத்தது.

வாரா வாரம் வகுப்பு, வருஷக் கடைசியில் தேர்வு. அடையாளம் தெளிவாக உள்ள நோயாளிகளை வீட்டிலிருந்து கூப்பிட்டு எங்கள் வார்டில் படுக்க வைப்பார்கள். மாணவர் தொட்டும் கேட்டும் பார்த்து நோயைச் சொல்ல வேண்டும். நுரையீரல் நோயால் எனக்கு விரல் நுனிகள் பருத்திருக்கும். அந்தத் தகுதியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டில் கரீமுல்லா பாய்க்கு.

பாய் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஆட்டோவுக்கு சீட் தைப்பவர். சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவர் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டது. ரத்தம் அந்த இடுக்கில் நுழையும்போது நெஞ்சு பூனை மாதிரி குர்ரென்று அதிரும். கை வைத்தாலே தெரியும். ஒருமுறை அவர் பஸ் ஜன்னலில் சாய்ந்திருக்க, கண்ணாடி நடுங்கியது. இன்ஜினில் கோளாறு என்று கண்டக்டர் வண்டியைப் பணிமனைக்கு அனுப்பிவிட்டார். அங்கே இன்ஜினைக் கழற்றிப் போட்டுத் தேடினார்கள். பாய் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வார்டில் ஒரு பூனை உண்டு. சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்து, வகுப்பு நடக்கும்போதுகூட அவர் மார்பில் ஏறிப் படுத்துக்கொள்ளும்.

பாய்க்கு இளகிய மனசு. திணறும் பிள்ளையிடம் விடையை மெல்லச் சொல்லிவிடுவார். அப்படிப் பாஸானவர்கள் ஊரெங்கும் டாக்டர்களாக இருந்தார்கள். வால்வை மாற்றிக்கொள்ளச் சொன்னபோதெல்லாம், "இந்தப் பரீட்சை முடியட்டும் சார்" என்பார்.

சென்ற வருஷத் தேர்வில், மாணவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் போக, கடைசியாக ஸ்நேஹா என்று ஒரு பெண் அவர் மார்பில் கை வைத்தாள்.

"மைட்ரல் ஸ்டெனோசிஸ்மா, வால்வு சுருங்கிக் கீது," என்றார் பாய், உதடு அசையாமல். "கைல பூனை மாதிரி தெரியும். அப்டியே சொல்லிடு."

கையை எடுக்காமல் நின்றாள். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள்.

"ஐயா, ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காம இன்னா? சின்ன வயசிலேர்ந்து கீது. உன் கைதான் மரத்துப் பூட்ச்சு."

"நடந்தா மூச்சு வாங்குதா?"

பாய் கூரையைப் பார்த்தார். புதுக் கூரை, பார்க்க ஒன்றுமில்லை. தையல் மிஷினிலிருந்து எழுந்து தெருமுனைக்குப் போவதற்குள் எங்கெல்லாம் உட்கார வேண்டியிருக்கிறது என்று அவர் எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

தேர்வாளர் டாக்டர் ஜெயலக்ஷ்மி வந்தார். மாணவியாக இருந்தபோது அவரும் பாயின் கட்டிலருகே நின்றவர்தான்.

"அதிர்வு?"

"இல்லை மேடம்."

"காலையிலேர்ந்து எல்லாருக்கும் இருந்ததே?"

"எல்லாருக்கும் ஐயா சொல்லிக் கொடுத்தார் மேடம். எனக்கும் சொன்னார். ஆனா கைக்கு வரலை."

பாய் படக்கென்று எழுந்தார். "பொண்ணு பயந்துட்ச்சு டாக்டரம்மா. மார்க் போட்டு அனுப்பு. நல்ல புள்ள." அதைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கியது.

ஜெயலக்ஷ்மி அவரைப் படுக்க வைத்து, தன் கையை மார்பில் வைத்தார். எடுக்கவே இல்லை. பாய்க்குக் கொடுத்த வாக்கு இனி தாங்காது என்று எனக்குத் தோன்றியது.

"டாக்டர், மழை விட்டதிலேர்ந்து பூனை பாய் மார்ல ஏறறதில்லை, என் கட்டில்லதான் படுத்துக்கறது," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"குழாய்ல தண்ணி வந்தாத்தான் சத்தம் வரும், பாய்," என்றார். "உங்க வால்வு கிட்டத்தட்ட மூடிடுத்து. வகுப்பு எடுத்தவ நானு. பூனை இருக்குன்னு சொல்லிச் சொல்லி, நானே கை வச்சுப் பாக்கலை." தேர்வை அங்கேயே நிறுத்தினார். காலையில் பூனையைக் கண்டுபிடித்தவர்கள் எல்லோரும் இன்னொரு நாள் வர வேண்டியதாயிற்று.

சாயங்காலம் பாயின் மனைவி அஃப்சருன்னிசா வந்தார். ஆபரேஷன் வேண்டாம் என்று பாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அந்த நோவு போச்சுன்னா என்னை இன்னாத்துக்குக் கூப்புடுவாங்க? எத்தினி புள்ளைங்க படிச்சிக்கினு கீது."

"புள்ளைங்களுக்கு புக்கு கீது, காலேஜு கீது," என்றார் அந்த அம்மாள். குரல் உயரவில்லை. "எனக்கு இன்னா கீது?"

பாய் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். அந்த அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் கிண்டிக்குக் கொண்டுபோனார்கள்.

திரும்பி வரும்போது நெஞ்சில் உலோக வால்வு இருந்தது. டக், டக் என்று அது அடிப்பது என் கட்டில்வரை கேட்டது. நர்ஸ் ஒருத்தி அதை வைத்துத் தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டாள்.

ஒரு நாள் பூனை மெல்ல அவர் மார்பில் ஏறியது. காயக்கட்டை முகர்ந்தது, காதை நிமிர்த்திக் கேட்டது, குதித்து இறங்கிப் போய்விட்டது.

"அதுக்குப் புடிக்கல," என்றார் பாய். முகம் வாடிவிட்டது.

அஃப்சருன்னிசா, பூனை விட்டுப்போன இடத்தில் உள்ளங்கையை வைத்தார். "எனக்குப் புடிச்சிருக்கு. சும்மா கெடங்க."

அப்போது ஸ்நேஹா ஸ்டெதாஸ்கோப்போடு வந்து நின்றாள். பாய் அவளைப் பார்த்துக் வழக்கம்போல விடையைச் சொல்ல மெல்ல வாயைத் திறந்தார்.

அஃப்சருன்னிசா மார்பில் வைத்த கையை எடுக்காமல், இன்னொரு கையால் அவர் வாயைப் பொத்தினார்.