அத்தை பேரில் ஒரு சீட்டு

"யாரும் உள்ள வர வேண்டாம். அவள நானே குளிப்பாட்டிக்கிடுதேன்."

சொல்லிவிட்டு கிருபாநிதி அறைக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வெந்நீர் வாளியோடு வெளியே நின்ற அவர் தங்கை அற்புதமணிக்குத் திறந்த வாய் மூடவில்லை. இறந்த பெண்ணைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். அதுவும் அற்புதமணி கை படாமல் அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் பெட்டிக்குள் போனதில்லை. சொந்த மைனிக்கு, அண்ணன் பெண்டாட்டிக்குச் செய்ய வந்த இடத்தில் இந்த மரியாதையா என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணனுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு. ஏளா ஜெப்ஸி, நீ போய்க் கேளு. நீ சொன்னாத்தான் கேப்பாவ."

ஜெப்ஸி, இறந்துபோன இன்பமணியின் தம்பி மகள். சாத்தான்குளத்துக்காரி. தூத்துக்குடியில் நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். முள்ளக்காட்டில் இந்த அத்தை வீட்டில்தான் இருப்பு. அத்தை பக்கவாதத்தில் விழுந்து ஒன்பது மாதம் ஆகிறது. புரட்டிப் படுக்க வைத்தது, குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்தது, ரத்தம் எடுத்து லேபில் கொண்டு கொடுத்தது எல்லாம் ஜெப்ஸிதான். விடிய ஐந்து மணிக்கு மூச்சு நின்றபோது அவள் அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே 'அப்பாடா, அத்தைக்கு இனி வலி இல்லை' என்றும் இருந்தது. ஒன்பது மாதம் கூட இருந்து பார்த்தவள் அந்த நிம்மதிக்கு வெட்கப்படவில்லை.

கதவைத் தட்டினாள். "மாமா, நாந்தான்."

தாழ்ப்பாள் விலகியது. அவள் உள்ளே போனதும் மறுபடி விழுந்தது.

அத்தை தாடைக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். மாமா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

"டாக்டர் சர்டிபிகேட் எழுத பழைய பைலக் கேட்டாருல்லா. அதுக்குள்ள ஒரு சீட்டு இருந்துச்சு," என்று தன் சட்டைப்பையைத் தாடையால் காட்டினார். ஜெப்ஸி எடுத்துப் பார்த்தாள்.

நம்பிக்கை மையம், அரசு மருத்துவமனை, திருச்செந்தூர். பெயர் இன்பமணி. ஒரு எண். பத்து வாரத்துக்கு முந்தைய தேதி.

எச்.ஐ.வி. சோதனை செய்யும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்த மாமாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. லாரிகள் நிற்கிற இடத்தில் எல்லாம் அதன் போர்டு இருக்கும்.

"நீதான ரத்தம் எடுத்துட்டுப் போன. என்கிட்ட ஏம்மா சொல்லல?"

ஜெப்ஸி சீட்டை நாலாக மடித்தாள். அந்தச் சீட்டு அவளுடையது.

நாலு மாதத்துக்கு முன்னால் வார்டில் நோயாளிக்குப் போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போய் விரலில் குத்திக்கொண்டாள். மூடி போடக்கூடாது என்பது முதல் வருடப் பாடம். குத்தினால் உடனே சொல்ல வேண்டும், தடுப்பு மருந்து தருவார்கள் என்பதும் பாடம்தான். சொன்னால் ரத்தம் எடுப்பது கூடப் படிக்கிற ஜெயபிரியாவாக இருக்கும். சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரியும். ஊசிதானா, இல்லை வேறு எதுவுமா என்று கண்ணடித்துப் பேசுவார்கள். பேச மாட்டார்கள் என்று எப்படி நம்புவது? இன்னொரு பெண்ணைப் பற்றி ஜெப்ஸியே அப்படிப் பேசியிருக்கிறாள்.

இந்த வருடம்தான் வகுப்பில் ஒரு சர்வே எடுத்தார்கள். நீங்களாக முன்வந்து எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்வீர்களா? அறுபது பேரில் ஐம்பத்தெட்டு பேர் 'ஆம்' என்று டிக் அடித்தார்கள். மறு வாரம் கல்லூரியிலேயே முகாம் போட்டால் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நாடகம் போட்டு ஊராருக்கு உபதேசம் செய்வதில் மட்டும் குறைச்சல் கிடையாது. அந்த நாடகத்தில் தைரியம் சொல்லும் கவுன்சிலர் வேஷம் ஜெப்ஸிக்கு.

ஆறு வாரம் தூங்காமல் கிடந்துவிட்டு ஒரு நாள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு திருச்செந்தூருக்கு பஸ் ஏறினாள். பெயர் கேட்டபோது, லேப் தாள்களில் எழுதி எழுதிப் பழகிய அத்தை பெயர் வாயில் வந்துவிட்டது. ரத்தம் கொடுத்தாள். அரை மணி நேரம் இருந்து முடிவை வாங்கிக்கொண்டு போ என்றார்கள். பத்து நிமிடம்கூட உட்கார முடியாமல் ஓடிவந்துவிட்டாள். என்றைக்காவது போய்க் கேட்க எண் வேண்டுமே என்று சீட்டைக் கிழிக்கவில்லை. அத்தை பெயர் போட்ட தாள் அத்தையின் பைலில் கிடந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அங்கேயே செருகி வைத்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா. சும்மா எடுத்த டெஸ்ட். நெகட்டிவ்தான்."

"அப்ப அந்தப் பேப்பர் எங்க?"

ஜெப்ஸி சீட்டைத் திரும்ப அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

"எனக்காகப் பொய் சொல்லாத. இவ பாவம். என்கிட்டருந்துதான் வந்திருக்கும்." மாமா அத்தையின் கால்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கல்யாணத்துக்கு முந்தி, ஹார்பர்ல சேர்ந்த புதுசுல, கூட்டாளியளோட ஒரு நாள்..."

"மாமா, என்கிட்ட சொல்லாதீங்க."

"பிறகு யார்கிட்ட சொல்ல? இவகிட்டயே சொல்லல. முப்பத்திரண்டு வருசம் கூட இருந்துட்டுப் போயிட்டா. அற்புதம் தொட்டு அவளுக்கும் ஒட்டிட்டா என்ன செய்ய? விசயம் தெரிஞ்சு ஊருல இவ பேர இழுத்தா? அதான் நானே செய்யுதேன்னேன். இந்தப் பையி போதுமான்னு மட்டும் சொல்லு."

வெளியே அற்புதமணி கதவைத் தட்டினாள். "தண்ணி ஆறுது, கேட்டியளா!"

ஜெப்ஸிக்கு மாமாவின் கைகளைப் பார்க்க முடியவில்லை. பிளாஸ்டிக்குக்குள் வேர்த்துப்போயிருந்தன. சொன்னால் அப்பா காதுக்குப் போகும், கல்லூரிக்குப் போகும், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் போகும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் சாகும்வரை இதைச் சுமப்பார்.

"அது அத்தையோடது இல்ல மாமா. என்னோடது."

ஊசியிலிருந்து சீட்டு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கையில் முதுகிலிருந்து உப்பு மூட்டையை இறக்கினது போல இருந்தது.

மாமா கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப இவளுக்கு ஒண்ணுமில்லியா?"

"இல்ல மாமா. பக்கவாதந்தான்."

"ஸ்தோத்திரம்," என்றார். அடுத்த நிமிடம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. சிரிப்பு பாதியில் நின்றது. "ஒனக்கு? ஒனக்கு என்னன்னு வந்துச்சு?"

"தெரியாது. முடிவு வாங்காம வந்துட்டேன்."

"அடப்பாவிப் பிள்ள. இத்தன நாளா இத நெஞ்சுல வச்சிக்கிட்டா இவளுக்குக் கஞ்சி ஊத்துன?"

அவர் ரப்பர் பேண்டைக் கழற்றி, பைகளை உருவிப் போட்டார். வேர்த்த கையாலேயே அத்தையின் கையை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு எழுந்து கதவைத் திறந்தார்.

"அற்புதம், நீயே செய்யி. நான் ஏதோ தெரியாமப் பேசிட்டேன்."

"அது தெரிஞ்சதுதான," என்று அற்புதமணி அண்ணனைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். "ஜெப்ஸி, தலைப்பக்கம் பிடி. மைனி முடிக்கு நல்லா சீயக்கா போடணும்."

மாமா வெளியே போகும்போது ஜெப்ஸியின் காதருகில் குனிந்தார். "அடக்கம் முடியட்டும். திருச்செந்தூருக்கு நானும் வாரேன். எனக்கும் பாக்கணும்லா."

மூன்றாம் நாள் காலையில் போனார்கள். ஜெப்ஸி முகத்தை மூடவில்லை. கவுன்சிலர் அம்மாவிடம் தன் பெயரைச் சொல்லி, போன தடவை சொன்னது பொய்ப் பெயர் என்றும் சொன்னாள். அந்த அம்மா திட்டவில்லை. இப்படி நிறைய பேர் வருவார்கள் என்று புதுத் தாள் எடுத்து எழுதினாள். மாமாவோ, "கிருபாநிதி. ஹார்பர்ல வேல பாத்து ரிட்டயர்டு," என்று பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

அரை மணி நேரம் ஆனது. இந்தத் தடவை ஜெப்ஸி எழுந்து ஓடவில்லை, மாமா அவள் கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நெகட்டிவ்," என்றாள் கவுன்சிலர் அம்மா. "குத்தி நாலு மாசம் ஆயிட்டுல்லா, இனி பயமே வேண்டாம். இன்னொரு தடவ குத்துச்சுன்னா அன்னைக்கே வந்திரணும், என்ன?"

ஜெப்ஸி வேகமாகத் தலையாட்டினாள். அடுத்து உள்ளே போன மாமா சீக்கிரமே திரும்பி வந்தார். "எனக்கும் அதான்," என்றார். இருவரும் எதிர்க் கடையில் ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜெப்ஸி போனை எடுத்து ஜெயபிரியாவுக்கு எழுதினாள். 'நாளைக்கு உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீயும் டெஸ்ட் எடுத்துக்கோ.' அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது, பக்கத்தில் மாமா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை போன நாளிலிருந்து அவர் கண் மூடி அவள் பார்க்கவில்லை.

இரண்டு பக்கமும் உப்பளங்கள் வந்தன.

"முள்ளக்காடு எறங்குறவங்க எந்திரிங்க," என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

ஜெப்ஸி எழுந்திருக்கவில்லை, மாமாவை எழுப்பவும் இல்லை. பஸ் நின்று புறப்பட்டது. கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் தணிந்த குரலில் சொன்னாள்.

"அண்ணாச்சி, தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு குடுங்க."